மெக்டொனால்ட்ஸ் வழியா, இன்-என்-அவுட் வழியா?

இரண்டும் அமெரிக்க பர்கர் கடைத் தொடர்கள். இரண்டும் 1948-ஐத் தொட்டவை. மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கலிபோர்னியா கடையை வேகச் சமையலுக்கு மாற்றியதும், ஸ்னைடர் தம்பதி அதே மாநிலத்தில் இன்-என்-அவுட்டைத் திறந்ததும் அந்த ஆண்டில்தான்.

மெக்டொனால்ட்ஸ் பிரான்சைஸ் வழியில் போனது. அதாவது, தன் பெயரில் கடை நடத்தும் உரிமையைப் பிறருக்குக் கொடுத்தது. இன்று 40,000-க்கும் மேற்பட்ட கடைகள். சுமார் 95 சதவீதத்தை நடத்துவது பிரான்சைஸ்காரர்கள். நிறுவனம் பர்கர் விற்றுச் சம்பாதிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், பிரான்சைஸ் கடைகளிலிருந்து வரும் பணத்தில் பெரும்பங்கு வாடகை! நிறுவனத்தின் தொடக்ககால நிதி நிர்வாகி ஹாரி சொன்னபோர்ன் வகுத்த வழி அது. இடத்தை நிறுவனம் வாங்கும், அல்லது குத்தகைக்கு எடுக்கும். கடை நடத்துபவர் வாடகை கட்டுவார். அப்புறம் விற்பனையில் ஒரு பங்கும் தருவார். கூலியோ மின்கட்டணமோ ஏறினால் முதல் அடி அவருக்குத்தான். இந்த ஏற்பாட்டில் என்னை உறுத்துவது இதுதான்.

இன்-என்-அவுட் பிரான்சைஸ் கொடுப்பதே இல்லை. இன்றும் குடும்பச் சொத்து. இறைச்சியை உறைய வைப்பதில்லை என்பதால், விநியோக மையத்துக்கு எட்டும் தூரத்தில்தான் கடை போட முடியும். சில நூறு கடைகளோடு நிற்பதற்கு அது முக்கியக் காரணம். சரி, வளர்ச்சி மெதுவானதுதான். ஆனால் அங்கே கல்லாவில் தொடங்கிய ஊழியர், கையிலிருந்து முதல் போடாமலே கடை மேலாளராக உயர முடிகிறது.