ஓலி: புல்லில் நின்றபடியா, சிமெண்டில் உருண்டபடியா?

ஸ்கேட்போர்டைக் கையால் பிடிக்காமல் காலோடு சேர்த்து எழுப்பிக் குதிப்பதுதான் ஓலி. கோலாலம்பூரில் அதைப் பழகத் தொடங்கும் பலர் முதலில் புல்தரையைத்தான் தேடுகிறார்கள். போர்டு நழுவாது, விழுந்தாலும் அவ்வளவாக வலிக்காது. கால் வைக்கும் இடம் பிடிபட அது போதும்: பின்காலின் முன்பாதம் டெயில் எனும் வளைந்த பின்முனையின் நடுவில், முன்கால் முன் டிரக்கின் (சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சின்) போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால்.

அதற்கு மேல் புல்லால் ஆதாயம் இல்லை. டெயில் கெட்டித் தரையில் பட்டுத் தெறிக்கும் 'பாப்'தான் ஓலிக்கு உயிர். மழையில் ஊறிய மண் அந்த அடியை விழுங்கிவிடும். போர்டு எழும்பவில்லையே என்று பழகுபவர் இன்னும் ஓங்கி மிதிப்பார், பின்காலை டெயிலிலேயே அழுத்தி வைப்பார். கால் அங்கே இருக்கும்வரை பின்சக்கரம் எப்படி எழும்பும்? கணுக்காலால் சுண்டித் தட்டிய கணமே பின்காலை மேலே இழுக்க வேண்டும். முன்காலை உள்பக்கமாக மடித்து, ஷூவின் சுண்டுவிரல் ஓரம் போர்டின் மேல் ஒட்டிய சொரசொரப்பான கிரிப் டேப்பில் உரச, நோஸ் எனும் முன்முனை வரை ஏற்ற வேண்டும்.

இன்னொரு குறை, நின்றபடி குதித்தால் தோள் திரும்புவது தெரியாது. போர்டு கோணலாக இறங்கினாலும் புல் பொறுத்துக்கொள்ளும். உருளும்போது அதே கோணலில் இறங்கினால் சக்கரம் குறுக்கே மாட்டி ஆளைத் தூக்கி எறியும். பின்னால் சாய்ந்தால் போர்டு முன்னே பாயும். வலித்தாலும் தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிடும். நடை வேகம் போதும்; ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம்.

ஓலியே உருளும்போது பிறந்த வித்தைதான். 1970களின் இறுதியில் புளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் சரிவுச் சுவர்களில் கைபடாமல் போர்டை எழுப்பினார். 1980களின் தொடக்கத்தில் ரோட்னி மல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார்.

பயம் விடாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: சிமெண்டுப் பலகைகளுக்கு இடையிலான விரிசலில் சக்கரங்களை இறக்கிவிட்டால் போர்டு ஓடாது, பாப்பும் முழுசாகக் கிடைக்கும். சக்கரத்தில் மாட்டும் ரப்பர் உறைக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் தட்டுவதும் இழுப்பதும் ஒன்றுசேர்ந்ததும் விரிசலை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அங்கேயே தங்கினால் புல்லின் அதே கோணல் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

உருளுவதற்கு இடம் பார்க்கும்போது, அடுக்குமாடிக் கீழ்த்தளத்துப் பூப்பந்துத் திடல் வழவழவென்று இருக்கும்; ஈரம் பட்டால் அந்தப் பெயிண்டில் கால் நிற்காது. இன்டர்லாக் கற்களில் 52 மில்லிமீட்டர் கடினச் சக்கரம் தடதடத்து நின்றுவிடும். பினாங்கில் இருப்பவர்கள் யூத் பார்க் பக்கம் போகலாம். எங்கே பழகினாலும் மாலை மழைக்கு முன் முடித்துவிடுங்கள். நனைந்தால் பேரிங் துருப்பிடிக்கும், டெயிலின் மேப்பிள் அடுக்குகள் ஊறிப் பாப்பும் செத்துவிடும்.