மூடுல் – சீஆர்எம் 'தானியங்கி இணைப்பு': கடைசித் தவணையைக் கொடுக்க முன் இதைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் மூடுலையும் (இணையவழிக் கற்பித்தல் தளம்) ஒரு சீஆர்எம்மையும் (மாணவர் தொடர்பு விபரங்களைப் பேணும் மென்பொருள்) வைத்திருக்கிற உயர்கல்வி நிறுவனங்களுக்கு இந்தப் பதிவு. எந்த மாணவர் எத்தனை நாளாக மூடுலுக்குள் வரவில்லை, யார் ஒப்படை சமர்ப்பிக்கவில்லை என்பதெல்லாம் சீஆர்எம்மில் தானாக வந்து விழும் என்று சொல்லிக்கொண்டு கம்பனிகள் வருகின்றன. இங்குள்ள தனியார் நிறுவனம் ஒன்றுக்கு அப்படி விற்கப்பட்டது உண்மையில் என்ன என்பதைப் பதிவுகளைத் திறந்து பார்த்த பிறகு எழுதுகிறோம். கம்பனியின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி வேலை செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குட்டு வெளிப்பட்டது ஒரு சின்ன இடத்தில். சீஆர்எம்மில் எந்த மாணவரின் பதிவைத் திறந்தாலும், கடைசியாக மாற்றியவர் யார், எத்தனை மணிக்கு என்று கீழே இருக்கும். 'நிகழ்நேர இணைப்பு' என்று காசு வாங்கிய இந்த வேலையில், எல்லாப் பதிவுகளும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், சில நிமிடங்களுக்குள், கம்பனி ஊழியர் ஒருவரின் சொந்த லொகினில் மாறியிருந்தன. இணைப்பு என்று ஒன்றும் இருக்கவில்லை. கிழமைக்கு ஒருக்கால் மூடுலில் இருந்து அறிக்கையை இறக்கி, எக்செலில் திறந்து, சிஎஸ்வியாகச் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து, கையால் ஏற்றியிருக்கிறார்கள். உண்மையான இணைப்பென்றால் மாற்றியவர் என்ற இடத்தில் அதற்கென்றே உருவாக்கிய கணக்கின் பெயர் இருக்கும். கிரோன் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) ஓடும் மணிக்கு, ஞாயிறோ போயாவோ பாராமல், பதிவுகள் மாறிக்கொண்டிருக்கும்.

எக்செலுக்குள் போய் வந்த தரவு சும்மா வராது. 2016 இல் இருந்து வழங்கப்படும் புதிய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் 12 இலக்கங்கள். எக்செலின் பொது வடிவம் 11 வரைதான் முழுதாகக் காட்டும். 12 ஆனால் பத்தின் அடுக்காகச் சுருக்கிவிடும். சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிகிற அந்தச் சுருக்கம்தான் கோப்புக்குள் போகும், மிச்சம் தொலைந்தது. முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதால், அடுத்தடுத்த நாட்களில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஒரே இலக்கமாகிவிடுகிறது. கைத்தொலைபேசி இலக்கங்களின் முன் பூச்சியமும் போய்விடும். தமிழில் எழுதிய பெயர்கள் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் குறிமுறை) ஆகச் சேமிக்கப்படாவிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்கும். பழைய பதிவேடுகள் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை என்றால் அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். விலைமனுவில் அந்த வேலை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

இதைவிடப் பெரிய கோளாறு, மூடுலில் உள்ள ஆளும் சீஆர்எம்மில் உள்ள ஆளும் ஒரே ஆள்தான் என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதில். இந்தக் கம்பனி பெயரையும் மின்னஞ்சலையும் வைத்துப் பொருத்தியிருந்தது. எங்கள் பெயர்களில் அது நடக்கிற காரியமா? தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு, சில இடத்தில் முதலெழுத்து மட்டும். சாதாரண தரச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. சேல்ஸ்போர்ஸ் போன்ற சீஆர்எம்களில் கடைசிப் பெயர் கட்டாயப் புலம் (நிரப்பியே ஆகவேண்டிய கட்டம்). அதில் ஒருவருக்குத் தகப்பன் பெயரும் இன்னொருவருக்குச் சொந்தப் பெயரும் விழுந்தால், பிள்ளைக்குப் போகிற கடிதம் 'அன்பின்' என்று தகப்பனை விளிக்கும். மின்னஞ்சலும் உதவாது, விண்ணப்பத்தில் ஜிமெயில், மூடுலில் நிறுவன முகவரி. பொருந்தாத ஒவ்வொன்றும் புதுப் பதிவாக ஏறியது. ஒப்பந்தப்படி மாதக் கட்டணம் பதிவுகளின் எண்ணிக்கையில் கணக்கிடப்பட்டதால், கம்பனியின் பிழைக்கே நிறுவனம் காசு கட்டியது. ஏமாற்று என்று நாங்கள் சொல்வது முக்கியமாக இதைத்தான்.

சரியான முறை பழையது, எளியது. மாணவர் பதிவிலக்கத்தை மூடுலின் ஐடி நம்பர் புலத்தில் போடுங்கள். சீஆர்எம்மில் அதையே வெளி அடையாளப் புலமாக (வேறு மென்பொருளின் இலக்கத்தை வைக்கும் இடம்), இரட்டிப்பை அனுமதிக்காததாக அமையுங்கள். இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் உருவாக்கு என்ற 'அப்சர்ட்' முறையில் அந்தப் புலத்தை வைத்தே ஏற்ற வேண்டும். பதிவிலக்கத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடமும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் முதலே துடைக்கப்பட வேண்டும். இலக்கத்துக்குள் சாய்கோடு இருந்தால் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறும் வழி) முகவரியில் அது பாதையின் பகுதியாக வாசிக்கப்பட்டுப் பிழையாகிவிடும். அந்தச் சாய்கோட்டைக் குறியீடாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று: விலகிய மாணவரை மூடுலில் அழித்தால் ஐடி நம்பர் புலமும் வெறுமையாகிவிடும், பிறகு பொருத்த ஒன்றுமிருக்காது. கணக்கை இடைநிறுத்தி வையுங்கள், அழிக்க வேண்டாம்.

நேரம் அடுத்த பொறி. மூடுல் நேரத்தை 1970 சனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக, யூடிசியில் (இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும் உலகப் பொது நேரம்) வைத்திருக்கிறது. ஹப்ஸ்பொட் போன்ற சீஆர்எம்கள் எதிர்பார்ப்பது மில்லிவிநாடி. ஆயிரத்தால் பெருக்காமல் அனுப்பினால் எல்லாப் பிள்ளைகளும் 1970 சனவரி 20, 21 அளவில் கடைசியாக வந்ததாகக் காட்டும். அது நல்லது, உடனே கண்ணில் படும். கண்ணில் படாதது ஐந்தரை மணித்தியாலம். மூடுல் பக்கம் ஒருமுறை இலங்கை நேரமாக்கி, சீஆர்எம் பக்கம் இன்னொருமுறை கூட்டினால், பின்னேரம் 6.45 க்கு ஒப்படை கொடுத்த பிள்ளை நள்ளிரவு தாண்டி, அடுத்த நாள் 12.15 க்குக் கொடுத்ததாகி, 'பிந்திய சமர்ப்பிப்பு' என்று எச்சரிக்கை போகும். யூடிசியை இலங்கை நேரமாக மாற்றாமலே விட்டாலும் நாள் காலை 5.30 க்குத்தான் தொடங்கும். விடியப்புறம் இருந்து படித்தது முதல் நாள் கணக்கில் சேரும்.

ஈடுபாடு என்று எதை எண்ணுகிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சூம் வருகை அறிக்கையில், தொடர்பு அறுந்து திரும்ப நுழையும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி வரும். கம்பனி வரிகளை எண்ணியிருந்தது. விளைவு, சிக்னல் இல்லாத தீவுப் பக்கத்துப் பிள்ளை 'மிகச் சுறுசுறுப்பு', பைபர் இணைப்பில் இரண்டு மணித்தியாலமும் அசையாமல் இருந்தவர் 'குறைவு'. வரிகளை ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்து, நிமிடங்களைக் கூட்ட வேண்டும். மேற்பொருந்தும் நிமிடங்களை இருமுறை எண்ணக்கூடாது. லொகின் செய்யாமல் நுழைந்தவருக்கு மின்னஞ்சல் வெறுமையாகவும், பெயர் என்ற இடத்தில் போனின் பெயரும் இருக்கும். அவற்றை ஊகித்து யாரோடும் ஒட்டாமல் தனிப் பட்டியலில் தரச் சொல்லுங்கள்.

இனிப் பரிசோதனை. கடைசித் தவணைக் காசைக் கொடுக்க முன் பத்துப் போலி மாணவர்களை நீங்களே உருவாக்குங்கள். ஒரே பெயர், ஒரே முதலெழுத்துள்ள இருவர், தமிழில் பெயருள்ள ஒருவர், தகப்பனின் தொலைபேசியைப் பகிரும் சகோதரர்கள், இரண்டு கற்கைநெறியில் உள்ள ஒருவர், இடைநிறுத்தப்பட்ட ஒருவர். இரவு 11.50 க்கும் 12.10 க்கும் ஏதாவது சமர்ப்பியுங்கள். இணைப்பை அடுத்தடுத்து இரண்டு தரம் ஓடவிடுங்கள். இரண்டாம் தரம் எண்ணிக்கை ஒன்றாவது கூடினால் அப்சர்ட் இல்லை, சேர்ப்புத்தான் நடக்கிறது. பிறகு ஓட்டத்தை நடுவில் நிறுத்தி மறுபடி தொடக்குங்கள். கடைசியாக ஓடிய நேரத்தை வேலை முடியமுன்னரே குறித்துவைக்கும் நிரல் என்றால், இடையில் விட்ட வரிகள் ஒருநாளும் வராது. ஏறாமல் தோற்றுப்போன வரிகளின் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு, கேளுங்கள். "அப்படிப் பிழை வராது" என்று பதில் வந்தால் பட்டியலே இல்லை என்று அர்த்தம்.

ஒப்பந்தத்தில் சீஆர்எம் கணக்கு நிறுவனத்தின் பெயரில், நிறுவன மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இங்கே அது கம்பனியின் பெயரில் இருந்தது. கட்டணத்தில் பிணக்கு வந்த அன்றே கடவுச்சொல் மாறியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கட்டுப்படுத்துபவர் ஒருவர், அவருக்காகக் கையாள்பவர் இன்னொருவர் என்று பிரிக்கிறது. பிள்ளைகளின் தரவுக்குக் கட்டுப்படுத்துபவர் நிறுவனம்தான், கம்பனியைக் கைகாட்டித் தப்ப முடியாது. ஆகவே ஒப்பந்தம் முடியும்போது முழுத் தரவையும் சாதாரணக் கோப்பாகத் திருப்பித் தருவதும், தங்களிடம் உள்ள பிரதிகளை அழிப்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

மூடுல் டோக்கனை (கடவுச்சொல்லுக்குப் பதிலாக மென்பொருள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் சாவி) நிர்வாகியின் கணக்கில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். வாசிக்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கொன்றை உருவாக்கி, தேவையான ஏபிஐ செயற்பாடுகளை மட்டும் சேவையில் சேர்த்து, அதற்கு டோக்கன் கொடுங்கள். டோக்கன் உருவாக்கும் பக்கத்திலேயே ஐபி கட்டுப்பாடும் (எந்தக் கணினி முகவரியில் இருந்து வரலாம் என்பது) காலாவதித் திகதியும் போட இடம் இருக்கிறது. கம்பனியின் சர்வர் முகவரியையும் ஒப்பந்தம் முடியும் திகதியையும் அங்கே போட்டுவிடுங்கள்.