ஒரு மாதச் சந்தா, ஒன்பது தோல்விகள்

பழைய அமெரிக்க நாளிதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கும் ஒரு காப்பகத்துக்குப் போன மாதம் சந்தா கட்டினேன். காரணம் ஒரே ஒரு வரி. நான் வேலை பார்ப்பது விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில். இலையுதிர் காலச் சனிக்கிழமை வந்தால் போதும், பாதி ஊர் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு கேம்ப் ராண்டல் மைதானத்துக்குக் கிளம்பிவிடும். பல்கலைக்கழக அணியின் ஃபுட்பால். நம் கால்பந்து இல்லை. கூர்முனைப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். அந்த அணியின் பழைய கணக்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். 1942: எட்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. அடுத்த வரி, 1943: ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. பயிற்சியாளர் அதே ஹாரி ஸ்டுல்ட்ரெஹர்தான். ஒரே வருஷத்தில் ஒரு அணி இப்படிக் குப்புற விழுமா?

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். தேடல் வசதி படு மோசம். விஸ்கான்சின் என்று தட்டினால் பால் விலையும் சீஸ் விளம்பரமும் வந்து கொட்டுகின்றன. ஆட்டக்காரர் பெயரைப் போட்டால், மசி அப்பிய பழைய எழுத்தை எந்திரம் வேறு ஏதோவாகப் படித்து வைத்திருக்கிறது. இரண்டு ராத்திரி இதிலேயே போயிற்று. அப்புறம்தான் வழி பிடிபட்டது: பெயரைத் தேடாதீர்கள், தேதியைப் பிடியுங்கள். ஆட்டம் சனிக்கிழமை, ஸ்கோர் ஞாயிற்றுக்கிழமை இதழில். நேராக விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட வேண்டியதுதான்.

அப்படிப் போனால் காப்பகம் தங்கம். 1942 அக்டோபர் 31 அன்று ஓஹையோ ஸ்டேட்டை 17-7 என்று சாய்த்திருக்கிறார்கள். அந்த வருஷம் தேசிய சாம்பியன் ஆன அணி அது. அதற்கு விழுந்த ஒரே அடி இங்கே மேடிசனில். எல்ராய் ஹிர்ஷ், டேவ் ஷ்ரைனர் எல்லாம் இருந்த அணி. அடுத்த வருஷம், இரண்டாம் உலகப் போரின் நடுவே, விஸ்கான்சின் அணியில் அவர்களைக் காணோம். ஷ்ரைனர் படிப்பை முடித்துவிட்டார். ஹிர்ஷ் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு! கடற்படை 1943 ஜூலையில் தொடங்கிய வி-12 பயிற்சித் திட்டத்தில் மரைன் படைக்கு எழுதிக்கொடுத்தவர்களை மிச்சிகனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவரோடு விஸ்கான்சின் ஆட்டக்காரர்கள் இன்னும் பலர். கடற்படை தன் பயிற்சி மாணவர்களை ஆட விட்டது, தரைப்படை விடவில்லை. அந்த வருஷம் யார் ஜெயிப்பது என்பதில் பாதியை இந்த ஒரு விதியே முடிவு செய்துவிட்டது. அப்படிக் கடற்படை மாணவர்கள் கிடைத்த பர்டூ பல்கலைக்கழகம் ஒன்பது ஆட்டமும் ஜெயித்தது. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் அணியையே கலைத்துவிட்டன. படைக்கு ஆள் எடுக்கும் வயது பதினெட்டாகியிருந்த நேரம். மிஞ்சியது பெரும்பாலும் முதலாமாண்டுப் பையன்களும் மருத்துவச் சோதனையில் கழித்துக்கட்டப்பட்டவர்களும்தான்.

நோட்ர டேம் பல்கலைக்கழகத்திடம் விஸ்கான்சின் தோற்றது 50-0. ஸ்டுல்ட்ரெஹர் மாணவராக இருந்தபோது புகழ்பெற்றதே அந்த நோட்ர டேம் அணியில்தான். அன்றைக்கு மனுஷன் எந்த முகத்தோடு கை குலுக்கினாரோ! சொந்தப் பையன்கள் போய்ச் சேர்ந்த மிச்சிகனிடமும் தோல்வி.

அந்த ஒரே வெற்றி அயோவாவுக்கு எதிராக, 7-5. ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அந்த 5 சிரிப்பு மூட்டும்: ஒரு ஃபீல்டு கோலுக்கு (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) மூன்று, ஒரு சேஃப்டிக்கு (பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்குவது) இரண்டு. இரண்டு பக்கமும் எவ்வளவு தட்டுத் தடுமாறியிருப்பார்கள் என்று அதிலேயே தெரிகிறது. திரையில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கினேன். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி முழுக்கக் கறுப்பு. பக்கத்துப் பத்தியில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் எந்த ரேஷன் முத்திரை எதுவரை செல்லும் என்ற பட்டியல். அச்சு அங்கே மட்டும் பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் அவரவருக்கு அதுதானே முதலில் வேண்டும்.

1945-க்குப் போக நினைக்கவில்லை, போய்விட்டேன். அந்த ஜூனில் ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த சண்டையில் ஷ்ரைனர் இறந்தார். 1942 அணியில் அவரோடு ஆடிய பாப் பாமனும் அதே தீவில், அதே மாதம்.

சரி, சேவைக்கு வருவோம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். படத்தின் தரத்துக்கு நாலு, தேடலுக்கு ஒன்றுகூட அதிகம். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ரத்து செய்யும் பொத்தான் நாலு திரை தாண்டி ஒளிந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு எடுங்கள், வேண்டிய தேதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். துண்டு வெட்டிச் சேமிக்கும் வசதியில் ஒரு கோளாறு: பக்கத் தலைப்பும் தேதியும் கூட வராது. ரத்து செய்வதற்கு முன் 7-5 துண்டை அச்சடித்தேன், தேதியைப் பேனாவால் ஓரத்தில் எழுதினேன்.