பேட்டரி மாற்றியாச்சு, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை

"புது மாடல் வந்தாச்சே, நீ இன்னும் அதையேதான் வச்சிருக்கியா? நான் மாத்தலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லு" என்று கேட்டிருக்கிறான் நண்பன். அவனிடம் இருப்பது என் போனுக்கும் முந்தைய மாடல். ஒரே வார்த்தையில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை, பேட்டரி மாற்றி வாங்கி வந்த சூட்டில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என் போனின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி பக்கம் போய்விடும், விஷயம் அதுவல்ல.

முதலில் நல்லது. பேட்டரி மாற்றிய பிறகு இது புது போன், மிகையாகச் சொல்லவில்லை. அதற்கு முன் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும், கேமராவைத் திறந்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் படம் காட்டும், மேப் ஓடும்போது அழைப்பு வந்தால் திரை திணறும். சிப்புக்கு வயதாகிவிட்டது என்றுதான் இதைப் பார்க்கிற யாரும் நினைப்பார்கள், கடையில் கேட்டாலும் எக்ஸ்சேஞ்ச் பக்கம்தான் கை காட்டுவார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் சிப்பில் இருப்பதில்லை. லித்தியம் பேட்டரிக்கு வயதாக ஆக உள்ளே மின்தடை ஏறுகிறது, சிப் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிகிறது, போன் ஒரேயடியாக அணைந்துவிடாமல் இருக்க மென்பொருளே வேகத்தைக் குறைப்பதும் உண்டு. ஆப்பிள் இப்படிச் செய்வதை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது, திட்டு வாங்கியது, அடுத்த ஆண்டு முழுக்கக் குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக் கொடுத்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2019 ஜனவரியில் ஆப்பிளின் தலைமை அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புது ஐபோனுக்கு மாறுகிறவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்குச் சொன்ன காரணங்களில் இந்த மலிவான பேட்டரி மாற்றமும் ஒன்று. பேட்டரி சரியாக இருந்தால் பலருக்கும் புது போன் தேவைப்படவில்லை என்பதை, விற்கிறவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை தீராத ஒரே எரிச்சல்: இந்தப் போன் மேசைமேல் ஆடுகிறது.

பின்பக்கம் ஒரு மூலையில் கேமரா மேடு. நிமிர்த்திக் கிடத்தினால் மேல் வலது மூலை அந்த மேட்டின்மேல் உட்காரும், மேல் இடது மூலை அந்தரத்தில் தொங்கும். நான் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறவன், அதில் உயிரெழுத்துகள் எல்லாம் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ஆக, 'க' அடித்தால் அமைதி, 'ஆ' அடித்தால் டக். 'ப' அமைதி, 'அ' மறுபடி டக். ஒரு பத்தி எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். காகிதத்தை நாலாக மடித்து அந்த மூலைக்கு முட்டுக் கொடுத்து எழுதியிருக்கிறேன், காற்றாடியைப் போட்டால் போனைத் தூக்கும் நேரத்தில் காகிதம் பறந்துவிடும். "கவர் போடேன்" என்பார்கள். போட்டேன், ஆட்டம் பாதிதான் குறைந்தது. முழுசாக நிற்க வேண்டுமானால் செங்கல் கனத்துக்கு ஒரு கவர் வேண்டும், அப்படியென்றால் போனை எதற்கு அவ்வளவு மெலிதாகச் செய்தார்கள்?

மேடு ஏன் வருகிறது என்பது புரியாமல் திட்டவில்லை. இரவில் நல்ல படம் வேண்டுமென்றால் பெரிய சென்சார் வேண்டும், சென்சார் பெரிதானால் அதே அளவு காட்சியைப் பிடிக்க லென்ஸ் அதிலிருந்து இன்னும் தள்ளி நிற்க வேண்டும், அந்த இடைவெளிக்குப் போனின் தடிமன் போதாது. இது ஒளியியல், யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் மற்ற இடத்தையெல்லாம் அந்த மேட்டின் உயரத்துக்கு ஏற்றி, கிடைக்கிற இடத்தில் பேட்டரியை நிரப்பலாமே! செய்ய முடியாத காரியமும் இல்லை. கூகுள் 2021இல் தன் பிக்சல் 6 போனில் மேட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பட்டையாக இழுத்துவிட்டது, அது இடவலமாக ஆடாது. 2025இல் வந்த பிக்சல் 9ஏ கிட்டத்தட்டத் தட்டையான முதுகு, உள்ளே 5100 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதன் அளவு) பேட்டரி. அதே ஆண்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சாம்சங் 5.8 மில்லிமீட்டர் தடிமனில் எஸ்25 எட்ஜ், ஆப்பிள் 5.6 மில்லிமீட்டரில் ஐபோன் ஏர். அந்த மில்லிமீட்டர் கணக்கில் மேடு சேராது என்பதைக் கவனிக்கவும். அளக்கும்போது இல்லாத மேடு, மேசையில் வைக்கும்போது மட்டும் வந்துவிடுகிறது.

என் போன் சர்வீஸில் இருந்தபோது தங்கையின் போனை வாங்கி வைத்திருந்தேன், என் மாடலின் அடுத்தடுத்த வாரிசுகளில் கடைசியாக வந்தது. நியாயமாகப் பேச வேண்டும் இல்லையா, அதனால் சொல்கிறேன்: உச்சி வெயிலில் திரை அப்படியே தெரிகிறது, என்னுடையதில் கையால் குடை பிடிக்க வேண்டும். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கும் படம் பொய்யாகத் தெரியவில்லை. நடந்துகொண்டே எடுத்த வீடியோ குலுங்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. ஆனால் இது பல வருடங்கள் சேர்ந்து உண்டான வித்தியாசம். நடுவில் வந்த எந்த ஒரு வருடத்து மாடலையும் தனியாகக் கையில் கொடுத்தால், பெட்டியைப் பார்க்காமல் எது எந்த வருடம் என்று என்னால் சொல்ல முடியாது. ஐபோன் 14 வந்தபோது சிப் கூட முந்தைய வருடத்து ஏ15தான். அப்புறம், தங்கையின் போனில் மேடு இன்னும் பெரிது.

புதுமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே இடத்தில் அதிக மின்சாரம் அடக்கும் சிலிக்கான்-கார்பன் பேட்டரி நிஜமான புதுமை. 2023இல் ஹானர் சீனாவில் விற்ற மேஜிக்5 ப்ரோவில் தொடங்கி, இன்று சாதாரண தடிமனுள்ள போனில் 7000 எம்ஏஎச்சையும் தாண்டியாகிவிட்டது. 2018இல் பிக்சல் 3க்காகப் பேசப்பட்ட நைட் சைட் அதைவிட அழகான கதை: கிட்டத்தட்ட இருட்டில் கையில் பிடித்தே படம் எடுக்கும் அந்த வசதி, அப்டேட்டாக முதல் பிக்சலுக்கும் வந்து சேர்ந்தது. யாரும் புது போன் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஏழு வருட அப்டேட் என்று கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் வாக்குக் கொடுத்ததையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். மேடையில் கைதட்டல் வாங்கும் விஷயம் அதுவல்ல. ஏழு வருடம் ஓடும் என்று சொல்லிவிட்டு வருடா வருடம் மாற்றச் சொல்வது எப்படிப் பொருந்தும் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

என் போனுக்கு மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு இரண்டு. ஆமாம், மேலே புது போன் மாதிரி இருக்கிறது என்று நான்தான் எழுதினேன். பேட்டரி நிற்கிறது, வேகம் இருக்கிறது, திரையில் ஒரு கீறல் இல்லை, இதை இப்போதைக்கு விடப்போவதும் இல்லை. இருந்தாலும் இரண்டுதான். இந்தப் பத்தியை மேசையில் வைத்து அடித்துக்கொண்டிருக்கிறேன், வேறு எண் கையில் வர மறுக்கிறது.

நண்பா, உனக்கு: பேட்டரியை மட்டும் மாற்று. அதற்கு முன் செட்டிங்ஸில் போய்க் கடைசியாக எப்போது பாதுகாப்பு அப்டேட் வந்தது என்று பார். அது நின்றுபோயிருந்தால் பேட்டரிக்குச் செலவு செய்யாதே, போன வருடத்து மாடல் விலை இறங்கியிருக்கும், அதை வாங்கு. வாங்கும்போது கேமராவைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால், கடை மேசையில் கிடத்தி இடது ஓரத்தில் ஒரு தட்டு தட்டிப் பார்.