மூன்று சுழியும் தெரிய வேண்டும்: எம்போசிங் எழுத்துக்கு மாக்கரா, தொட்டெழுதும் பேனாவா?

போன ஆவணியில் முள்ளியவளைப் பக்கத்துக் கல்யாண வீடொன்றுக்கு அறுபது அழைப்பிதழ் செய்யக் கேட்டிருந்தார்கள். அட்டையின் தலையில் ‘வற்றாப்பளை கண்ணகை அம்மன் துணை’ என்ற வரி, கீழே றப்பர் முத்திரையால் குத்திய நிறைகுடம், அதன் கீழ் ‘திருமண அழைப்பு’, பிறகு மணமக்களின் பெயர்கள். எல்லாம் பொன் நிறத்தில் புடைத்து நிற்க வேண்டும், அதுதான் எம்போசிங். முதல் ஐந்து அட்டைகளை மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பொம்பிளையின் அம்மப்பா ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார்.

“பிள்ளை, வேலை நல்ல வடிவு. ஆனா இது மூண்டு சுழி ண எல்லோ? எனக்கு ரெண்டுதான் தெரியுது. ‘திருமனம்’ எண்டெல்லோ வாசிக்கவேண்டிக் கிடக்கு.”

வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ‘கண்ணகை’யிலும் ‘துணை’யிலும் அதே கதை. சுழிகள் உருகி அடைபட்டிருந்தன. அந்த ஐந்தையும் எம்போசிங் மாக்கரால், அதாவது மெதுவாகக் காயும் மை உள்ள பஞ்சு நுனிப் பேனாவால் எழுதியிருந்தேன். மிச்சத்தை மையில் தொட்டெழுதும் நிப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கையெழுத்து வேலைக்கு அந்தப் பேனாதான். ஏன் என்பதை, இந்த வேலையைத் தொடங்கி இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஹீட் எம்போசிங் எப்படி வேலை செய்கிறது என்பது அநேகருக்குத் தெரியும். மெதுவாகக் காயும் மையால் முத்திரை குத்துகிறோம் அல்லது எழுதுகிறோம். ஈரம் காய்வதற்குள் அதன் மேல் பவுடரைக் கொட்டி, ஒட்டாத மிச்சத்தை ஒரு தாளில் தட்டி எடுத்துக்கொண்டு, சூடு காட்டுகிறோம். பவுடர் ஒரு பிளாஸ்டிக் பிசின். உருகி ஒன்றாகி, ஆறியதும் வழவழப்பாக எழும்பி நிற்கும். அச்சகத்தில் அடித்த கல்யாண அட்டையைத் தடவும்போது எழுத்துக் கையில் தட்டுப்படுமே, அதைச் செய்யும் முறைகளில் ஒன்றும் இதுதான்: ஈர மை, மேலே பிசின் தூள், பிறகு சூடு.

முத்திரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே படம் பத்து அட்டைக்கு மேல் வருமென்றால் முத்திரைதான். நிறைகுடம், குத்துவிளக்கு, மயில், பனை போன்ற படங்களுக்கு அதற்கு ஈடு இல்லை. கந்தோர்ச் சீலுக்குப் பாவிக்கிற மைப் பாட்டை மட்டும் எடுக்கவேண்டாம். அந்த மை அட்டைக்குள் இறங்கிவிடும், பவுடர் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். எம்போசிங் பாட் அல்லது பிக்மென்ட் மை வேண்டும், அதுதான் அட்டையின் மேலே ஈரமாக நிற்கும். சீல் வெட்டுகிற கடையில் ‘அன்புடன்’, ‘நல்வாழ்த்துகள்’ போன்ற சொற்களையும் வெட்டுவிக்கலாம், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கேளுங்கள். ஆனால் பெயரும் திகதியும் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. அதற்குக் கைதான் எழுதவேண்டும், இந்த அலசலும் அங்கேதான் தொடங்குகிறது.

மாக்கரின் நல்ல குணங்கள் வெளிப்படையானவை. மூடியைக் கழற்றினால் எழுதலாம். ஊற்றுப்படாது. பழக்கம் தேவையில்லை. ஒரு வரியை நான் ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிடுவேன், தொட்டெழுதும் பேனாவில் அதே வரிக்கு மூன்று நிமிடம் போகும். அறுபது அட்டை என்றால் அது பெரிய வித்தியாசம். அந்தக் கல்யாண வேலை எனக்கு மூன்று நாள் பிந்தியது.

அப்படியிருந்தும் பேனாவின் பக்கம் நிற்பதற்குக் காரணம் சுழி.

ஆங்கில எழுத்தில் நேர்கோடு அதிகம். அடைபட்டாலும் ஆளுக்கு விளங்கும். நம்முடைய எழுத்து அப்படியல்ல. ண, ன, ஞ, இ, ஐ, ழு, கூ எல்லாம் சின்னச் சின்ன வளையங்களால் ஆனவை. வளையத்துக்குள் வெள்ளை தெரிந்தால்தான் எழுத்து எழுத்தாக நிற்கும். பவுடர் எழுதிய கோட்டுக்குள்ளேயே நிற்கும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். நிற்காது. கோட்டின் ஓரத்தில் ஒட்டுகிற மணி ஒவ்வொன்றும் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உருகும்போது அதுவும் சேர்ந்து உருண்டு, கோடு தடிக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீற்றர் மாக்கர்க் கோடு சூடு காட்டியபின் ஒன்றரைக்குக் கிட்ட வந்தது. ஏழு மில்லிமீற்றர் உயரத்தில் நான் எழுதுகிற ண-வின் சுழிக்குள் இருக்கிற இடமே ஒரு மில்லிமீற்றர்தான். அதில் பாதியைக் கோடே எடுத்துவிடும், உள்ளே கிடக்கிற மணியும் சேர்ந்து உருகினால் அடைபடாமல் என்ன செய்யும்?

தொட்டெழுதும் பேனாவில், அதாவது கூரான ஜி நிப்பில், அழுத்தாமல் மேலே இழுக்கும் கோடு நூல்போல வரும். சுழியை அந்த நூல் கோட்டால் சுற்றி, இறங்குகோட்டில் மட்டும் அழுத்தினால், உருகித் தடித்த பிறகும் உள்ளே வெள்ளை மிஞ்சும். எழுத்துக்கும் ஒரு ஏற்ற இறக்கம் கிடைக்கும், அது மாக்கரில் வரவே வராது.

பேனா மட்டும் போதாது, பவுடரும் பார்த்து வாங்கவேண்டும். டீடெயில் பவுடர் என்று நுண்ணிய மணி உள்ளதைக் கேளுங்கள். சாதாரண பவுடர் நிறைகுடத்துக்குச் சரி, கையெழுத்துக்குச் சரியில்லை. பவுடரைத் தட்டியபின், சூடு காட்டமுன், காய்ந்த மெல்லிய தூரிகையால் சுழிகளுக்குள் கிடக்கிற மணிகளைத் துடைத்துவிடுங்கள். ஒரு ண-வுக்கு மூன்று தொடுகை. எழுதமுன் அட்டையில் துணிப் பொட்டலத்தில் கட்டிய குழந்தைப் பவுடரை ஒற்றினால் அங்கங்கே மணி ஒட்டுவது குறையும்.

சூடு காட்டும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். முதலில் எழுத்துச் சீனி தூவியதுபோல மங்கலாகக் கிடக்கும். திடீரென்று ஓர் ஓரத்தில் பளபளப்புத் தொடங்கி, ஈரம் ஊறுவதுபோலக் கோட்டின் வழியே ஓடும். சுழிக்கு வந்ததும் இரண்டு கரையும் ஒன்றையொன்று நோக்கி ஒரு மயிரளவு நகரும். மூன்றாவது சுழி பளபளத்த அந்த நொடியில் சூட்டை எடுத்துவிடவேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டினால் புடைப்பு அமர்ந்து, பிசின் அட்டைக்குள் இறங்கி, சுற்றிவர எண்ணெய் பட்ட மாதிரி ஒரு கறை வரும். அது பிறகு போகாது.

புள்ளிக்கும் இதே கவனம். மாக்கரால் குத்தினால் புள்ளியில் மை தேங்கி, சூட்டில் கொதித்துக் குழி விழும். நிப்பின் நுனியால் தொட்டும் தொடாமலும், நினைப்பதைவிடச் சின்னதாக வைத்தால் உருகியபின் சரியான அளவுக்கு வரும்.

பேனாவுக்கு மை எது? இங்கேதான் வன்னியில் இருப்பவர்களுக்குப் பேனா இன்னும் கைகொடுக்கிறது. எம்போசிங் மாக்கர் என்றால் கொழும்பிலிருந்து வரவேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவரவேண்டும். பேனாவுக்குக் கிளிசரின் போதும், அது கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பாமசியில் வாங்கக்கூடிய சாமான். மூன்று பங்கு கிளிசரின், ஒரு பங்கு தண்ணீர், பலகாரத்துக்குப் போடுகிற சிவப்புக் கலரில் ஒரு துளி. கலர் போடாவிட்டால் வெள்ளை அட்டையில் எழுதியது கண்ணுக்குத் தெரியாது. பொன் பவுடர் அதை மூடிவிடும், ஆனால் நிறமில்லாத பவுடர் போட்டால் சிவப்புத் தெரியும். பங்குனி, சித்திரை வெயிலில் மாக்கர் மை வரி முடிவதற்குள் தொடக்கத்தில் காய்ந்துவிடும், சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பவுடர் போடவேண்டிவரும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வது. முழு வரியையும் எழுதிவிட்டு ஆறுதலாகப் பவுடர் கொட்டலாம். மாரியில் அதே குணம் தொந்தரவு தரும். அட்டையும் ஈரம் குடித்திருக்கும், எழுத்தில் கொப்புளம் வரும். எழுதமுன் வெறும் அட்டையைக் கொஞ்சம் சூடாக்கி ஆறவிட்டால் குறையும்.

விளாம்பிசின் கரைத்து இரண்டு சொட்டுச் சேர்த்தால் கோடு இன்னும் ஒடுங்கி நிற்கும் என்று ஒரு பெரியவர் சொன்னார். இரண்டு தரம் செய்து பார்த்தேன். ஒரு தரம் நன்றாக வந்தது, மறுதரம் நிப் அடைத்தது. இரண்டு தரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பராமரிப்பிலும் பேனாதான் இலகு. மாக்கரால் ஒரு கோட்டைத் திருத்தப் போய்ப் பவுடர் பட்டால், மணிகள் பஞ்சு நுனிக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு அது கீறலாகத்தான் எழுதும். நிப்பைத் தண்ணீரில் அலசி, பழைய சாரத் துண்டால் துடைத்தால் முடிந்தது. ஈரத்தோடு விடவேண்டாம், துருப்பிடிக்கும். புது நிப்பில் எண்ணெய் பூசியிருக்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவாவிட்டால் மை பிடிக்காது.

சூடு காட்டுவதைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு அதில் நட்டம் வந்தது. கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஆசையோடு ஒரு ஹீட் கன், அதாவது சுடுகாற்று ஊதும் கருவி, கொண்டுவந்து தந்தார். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. முனையை மாற்றுகிற அடாப்டரைப் போட்டுக் குத்தினேன். ஒரு நொடியில் புகைத்து அடங்கிவிட்டது. அடாப்டர் முனையை மட்டும்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. லண்டனிலிருந்து வருவதென்றால் பயமில்லை, அங்கும் 230தான். ஹெயார் ட்ரையர் உதவாது. அதன் காற்றுக் கூட, சூடு குறைய, பவுடரைத்தான் பறக்க வைக்கும். ஹீட் கன்னையும் முதலில் வேறு பக்கம் திருப்பிப் பத்துப் பதினைந்து நொடி சூடாக்கிவிட்டு அட்டைப் பக்கம் கொண்டுவாருங்கள். மேலே சுற்றுகிற ஃபானை நிற்பாட்டுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் யன்னலையும் சாத்தவேண்டும், இல்லாவிட்டால் எழுத்தில் பவுடரோடு முற்றத்துப் புழுதியும் உருகிக் கிடக்கும்.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள் அல்லவா, அப்போது சிரட்டைக்கரி அயன்பெட்டிதான் என் ஹீட் கன். பெட்டியைக் கவிழ்க்க முடியாது. அதனால் அதை ஒரு பழைய தோசைக்கல்லில் வைத்துக் கல்லைச் சூடாக்கி, பெட்டியை எடுத்துவிட்டு, அட்டையை எழுத்து மேலே பார்க்க இடுக்கியால் கல்லுக்கு மேலே பிடித்தேன். கீழிருந்து வரும் சூடு பவுடரை ஊதாது, நூல்போன்ற கோட்டுக்கு அது நல்லது. ஆனால் சூடு ஒரே சீராக வராது, அட்டையின் முதுகு பழுப்பேறவும் பார்க்கும். கரண்ட் இருக்கும்போது நான் அதைத் தேடுவதில்லை.

இவ்வளவு சொன்னபிறகும் மாக்கரை நான் எறியவில்லை. ஒரு வேலைக்கு அதுதான் வேண்டும்.

இந்த மார்கழியில் புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா வந்தா. மகன் பிரான்சில். பிறந்தநாளுக்கு அட்டை வேண்டும், வாழ்த்தை நான் எழுதலாம், ஆனால் கடைசிச் சொல்லைத் தான்தான் எழுதுவேன் என்று சொன்னா. “அவனிட்டை என்ரை கையெழுத்து ஒண்டும் இல்லைப் பிள்ளை. எழுதின கடிதமெல்லாம் 2009-ல போட்டுது” என்றா. தொட்டெழுதும் பேனாவைக் கொடுத்தேன். நிப் அட்டையில் குத்தி மை தெறித்தது. அவவுக்குக் கை நடுங்கியது. அட்டையை மாற்றி மாக்கரைக் கொடுத்தேன். வழமையாக எழுதுவதைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதச் சொன்னேன். ‘அம்மா’ என்று எழுதினா. அந்தச் சொல்லில் அடைபடக்கூடிய சுழி அ-வில் இருக்கிற ஒன்றுதான். தூரிகையால் அதைத் துடைத்துவிட்டு ஹீட் கன்னை வைத்தேன். எழுத்து எழும்பியதும் அவ விரலால் தொடப் பார்த்தா. ஆறட்டும் அம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறியபின் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு, உறையில் விலாசத்தையும் தானே எழுதவேண்டும் என்று மாக்கரை மறுபடி கேட்டா.