திக்‌ஷாவா, ஃபெட்டா, அரவிந்த் குப்தாவா?

தொடக்கப் பள்ளி அறிவியலுக்கு இணையத்தில் சரக்கு கொட்டிக் கிடக்கிறது. எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். நான் பார்ப்பது ஒன்றே: இதை வைத்துப் பிள்ளை கையால் என்ன செய்யும்?

திக்‌ஷா 2017-இல் மத்திய அரசு தொடங்கிய இணையக் கல்வித் தளம். பாடநூலில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வந்து நிற்கும். தேடி அலைய வேண்டாம், மொழியும் தமிழ். செயலியில் முன்பே இறக்கி வைத்தால் வகுப்பில் நெட் இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் காணொளிகளின் தரம் ஒரே சீராக இல்லை; பிள்ளைகளுக்கு உட்கார்ந்து பார்ப்பதே வேலை. ஆசிரியர் முந்தின நாள் இரவு பார்த்துத் தயாராக உதவும் என்பேன், அதற்கு மேல் இல்லை.

என் முதல் ஓட்டு அரவிந்த் குப்தாவின் தளத்துக்கு. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தளம் பார்க்கப் பழைய மாடலாகத்தான் இருக்கும். ஆங்கிலமும் இந்தியுமே அதிகம், தமிழிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் செய்முறைப் படங்களைப் பார்த்தாலே பாதிக்கு மேல் புரிந்துவிடும். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள், இவைதான் ஆய்வகம். ஸ்ட்ராவின் ஒரு முனையை நசுக்கிக் கூராக வெட்டி ஊதினால் பீப்பி சத்தம் வரும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே போனால் சுருதி ஏறும். நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பிறகு சொல்லித்தர வேண்டியதே இல்லை. (பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. காகித ஸ்ட்ரா என்றால் எச்சிலில் ஊறுவதற்குள் முடித்துவிடுங்கள்.)

கையால் தொட முடியாத இடத்தில் ஃபெட் (PhET) ஜெயிக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தளம் இது; திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் அறிவியல் மாதிரிகள் இதில் இருக்கும். ஐஸ் உருகுவதை டம்ளரிலேயே காட்டலாம்; உள்ளே துகள்கள் என்ன செய்கின்றன என்பதை எப்படிக் காட்டுவது? ஃபெட்டில் சூட்டை ஏற்றினால் வரிசையாக நின்ற துகள்கள் நழுவி, பிறகு சிதறி ஓடுவது தெரியும். அதில் நியான், ஆர்கானும் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீரை மட்டும் காட்டினால் போதும். நிலைமின்னியலுக்கும் கைகொடுக்கும். மழைக்கால ஈரக்காற்றில் சீப்பைத் தலையில் எவ்வளவு தேய்த்தாலும் காகிதத் துண்டு அசையாது, ஃபெட் பலூனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. என்ன, அது கம்பளி ஸ்வெட்டரில் தேய்க்கும் பலூன். ஊட்டிப் பிள்ளைகள் தவிர மற்றவர்களுக்கு ஸ்வெட்டரையும் விளக்க வேண்டியிருக்கும்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் வேறு ரகம். தமிழில் அறிவியல் கதைகள், வாசிப்பு நிலைவாரியாக, இலவசமாக. அச்சிட்டும் கொடுக்கலாம். பாடத்தைத் தொடங்கிவைக்க நல்லது, சோதனைக்கு ஈடாகாது.

ஒன்று முதல் மூன்று வரை குப்தாவும் ஸ்டோரிவீவரும் போதும். நான்கு, ஐந்துக்கு ஃபெட்டைச் சேர்க்கலாம், ஆனால் சோதனை முடிந்த பிறகு. திரையை முதலில் காட்டிவிட்டால் நிஜ டம்ளரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஃபெட் கோப்புகளை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். சாதாரண பிரவுசரிலேயே நெட் இல்லாமல் திறக்கும்.