வெட்டப்பட்ட உப்பு வீடியோ: ஒரு டயட்டீஷியனின் சோஷியல் மீடியா அனுபவம்

கூடப் படித்த தோழி திருநெல்வேலியில் தனியாகக் கிளினிக் திறக்கப் போகிறாள். "சோஷியல் மீடியாவில் போட்டால் ஆள் வருமாடி?" என்று கேட்டாள். வரும். மதுரையில் என் கிளினிக் சில வருடங்களாக அப்படித்தான் ஓடுகிறது. தேனி, ராமநாதபுரத்திலிருந்து வருகிறவர்கள்கூட "உங்க வீடியோ பார்த்தோம்" என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருகிறார்கள். பக்கம் தொடங்குவது, லைட், மைக் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வாட்ஸ்அப் பிசினஸ். ஃபீஸ் விவரத்தை அதில் இருக்கும் 'கேட்டலாக்' பட்டியலில் போட்டுவிட்டால் "எவ்வளவு மேடம்?" என்ற கேள்வி பாதியாகக் குறைகிறது. பிராட்காஸ்ட்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதியில், அனுப்புவது நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் படிக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, அவர்கள் அனுப்பும் சாப்பாட்டுத் தட்டின் படம். "மூணு இட்லிதான் மேடம்" என்று வாயால் சொல்வார்கள். இட்லி எவ்வளவு பெரியது, சட்னியில் எண்ணெய் எப்படி மிதக்கிறது, பக்கத்தில் வடை இருக்கிறதா என்பதெல்லாம் படத்தில்தான் தெரியும். நேரில் ஒரு மணி நேரம் விசாரித்தாலும் இவ்வளவு கிடைக்காது.

இனி கோபம். குட்டி வீடியோக்களில் முதல் சில நொடிகளுக்குள் பிடிக்கவில்லை என்றால் ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். நம் தொழிலில் முக்கியமானதோ கடைசியில் வரும் 'ஆனால்'தான். குறை சோடியம் உப்பு பற்றி ஒரு வீடியோ போட்டேன். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிபி உள்ள பலருக்கு இந்த உப்பு உதவும். ஆனால் அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பொட்டாசியத்தை ஏற்றும் சில பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பே தடுமாறலாம். இதையும் அதே வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

வேறொரு பக்கம் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, என் முகத்தோடும் குரலோடும் மறுபதிவு செய்தது. முழு வீடியோவைவிட வெட்டியதுதான் அதிகம் ஓடியது. புகார் கொடுத்தேன், "விதிமீறல் இல்லை" என்று பதில் வந்தது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் மகள் அதை எனக்கே அனுப்பி, "அப்பாவுக்கு வாங்கவா மேடம்?" என்று கேட்டார். அவர் கேட்டார். கேட்காமல் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உடல்நலம் பேசும் நிபுணர்கள் தங்கள் தகுதியைச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. நான் படிப்பைப் போட்டுத்தான் பேசுகிறேன். வெட்டுகிறவருக்கு எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை.

இப்போது யாருக்கு ஆகாது என்பதைத்தான் முதல் வரியாகச் சொல்கிறேன், அது திரையிலும் கடைசிவரை எழுத்தாக நிற்கும். வீடியோ பார்ப்பவர்களின் எண்ணிக்கை நன்றாகவே இறங்கிவிட்டது. சரி, இறங்கட்டும். "டயட் சார்ட் அனுப்புங்க" என்ற கமெண்டுக்கும், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்க்காமல் அனுப்புவதில்லை என்றே பதில் போடுகிறேன்.

என் கிளினிக் வாடகையைக் கட்ட முடிவது சோஷியல் மீடியாவால்தான் என்பது உண்மை. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான் கொடுப்பேன், அந்த இரண்டும் வாட்ஸ்அப்புக்கு. தோழியிடம் சொன்னது இதுதான்: முதல் வருடம் வீடியோ பக்கமே போகாதே. கூகுள் மேப்பில் கிளினிக்கைப் பதிவு செய், பக்கத்திலிருக்கும் சர்க்கரை நோய் டாக்டர்களை நேரில் போய்ப் பார், வருகிறவர்களிடம் தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்.